செட்டிநாட்டு வீட்டுக்குக் காகிதப்பூவா, இட்லிப்பூவா?

கானாடுகாத்தான் பக்கத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைச் செப்பனிட்டிருக்கிறீர்கள். குடும்பம் சென்னையில். பொங்கலுக்கும், மாசியில் முன்னோரை வணங்கிப் படையலிடும் படைப்புக்கும்தான் எல்லோரும் வந்து கூடுகிறீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வாரத்தில் இரண்டு நாள் வந்து பெருக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். வாசலில் வெயில் கொளுத்தும் காலி இடம், உள்ளே நாலு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த வளவு முற்றம். இதற்குக் காகிதப்பூ சரிவருமா, இட்லிப்பூ சரிவருமா என்பது உங்கள் கேள்வி. முன்பு வைத்த காகிதப்பூ பச்சைப்பசேலென்று ஓடுகிறதே தவிரப் பூக்கவில்லை என்றும், இட்லிப்பூ இலையெல்லாம் மஞ்சளடித்துப் போய்விட்டது என்றும் எழுதியிருந்தீர்கள்.

காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். வாசலுக்குக் காகிதப்பூ, முற்றத்துக்கு இட்லிப்பூ என்பதே என் பதில். ஆனால் இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பழையபடியே கவனித்தால் இரண்டும் மறுபடி ஏமாற்றும். உங்கள் காகிதப்பூவுக்கு வேண்டாத அளவு தண்ணீர் போகிறது. இட்லிப்பூவுக்கு ஆகாத தண்ணீர் போகிறது. நம் ஊரில் இந்த இரண்டு செடிகளையும் கெடுப்பது பெரும்பாலும் மண் அல்ல, தண்ணீர்தான்.

மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே செம்மண், சில அடி தோண்டினால் சரளை, அதற்கும் கீழே கடப்பாரை போட்டால் 'ணங்' என்று சத்தம் வரும் செம்புறாங்கல். செட்டிநாட்டில் பல ஊர்களில் இதுதான் அமைப்பு. இரும்பு நிறைந்த, இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண் இது. இட்லிப்பூ கேட்பதும் அமில மண்ணைத்தான், கார அமில நிலை 5-லிருந்து 6.5-க்குள். ஆக, மண்ணைப் பார்த்தால் இந்த ஊர் இட்லிப்பூவுக்கென்றே அமைந்த ஊர். பிறகு ஏன் மஞ்சளடிக்கிறது?

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால். உங்கள் குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, சோப்பு சரியாக நுரைக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல வட்டம் விழுந்திருந்தால் அது கடினநீர். சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் நிறைந்தது. அதை நாள்தோறும் ஊற்ற ஊற்ற, செடியைச் சுற்றியுள்ள மண் மெல்லக் காரமாகிவிடுகிறது. காரமண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாது. வேரால் எடுக்க முடியாது. செம்மண் நிறைய இரும்பு, செடிக்கோ இரும்புப் பற்றாக்குறை. அடையாளம் சுலபம்: நுனியில் உள்ள இளம் இலைகள்தான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டதுபோல நிற்கும். கீழே உள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் அது வேறு கதை, பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு.

அப்புறம் சுண்ணாம்பு. நம் வீடுகளின் சுவரே சுண்ணாம்பு. செப்பனிடும்போது கொத்திய பழைய காரையை எங்கே கொட்டுவார்கள்? வாசலோரத்திலும் கொல்லையிலும்தான். அதன்மேல் ரெண்டு கூடை செம்மண்ணைப் பரப்பிவிட்டு, 'தோட்டத்துக்கு இடம் தயார்' என்பார் மேஸ்திரி. அந்த இடத்தில் இட்லிப்பூ வைத்தால் பிழைப்பது கஷ்டம். உங்கள் செடியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சுவரை ஒட்டி வைத்திருந்தால் இதுவும் காரணமாக இருக்கும். ஒரு கை மண்ணைத் தோண்டிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகக் காரைத் துண்டுகள் தட்டுப்பட்டால் அங்கே இட்லிப்பூ வேண்டவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இட்லிப்பூ நம் மண்ணின் செடி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்குத் தாயகம். பகைவரின் ஆநிரை கவரப் போன மறவர் சூடிய வெட்சி இதுதான். முருகனுக்கு உரிய பூ. காபிச் செடியும் இதுவும் ஒரே குடும்பம். அந்தக் காலத்தில் பந்தம் கொளுத்த உதவிய சுலுந்து மரம் இதன் நெருங்கிய உறவு. காகிதப்பூவோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமி 1766-ல் உலகைச் சுற்றக் கிளம்பினார். அந்தக் கப்பலில் போன தாவரவியலாளர் கொமேர்சன் பிரேசிலில் இதைப் பார்த்துக் குறித்துவைத்தார். மாலுமியின் பெயரே செடிக்குப் பூகன்வில்லா என்று வந்துவிட்டது. கொமேர்சனுக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரே என்ற பெண், உலகைச் சுற்றிவந்த முதல் பெண்மணியாக அறியப்படுகிறார். கடல் கடந்து வந்த செடி கடினநீரையும் வறட்சியையும் தாங்கி நிற்க, உள்ளூர்ச் செடி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கண்டு வெளுத்துப்போகிறது.

சரி, வாசலுக்கு வருவோம்.

காகிதப்பூவில் நாம் பூ என்று பார்க்கும் நிறம் உண்மையில் பூவல்ல. பூவைச் சுற்றிய இலைகள். நடுவில் வெள்ளையாக, குழல்போல நிற்கும் சின்னஞ்சிறியவைதான் பூ. இந்த வண்ண இலைகளைச் செடி எப்போது விடும் என்றால், நல்ல வெயிலும், நீண்ட இரவும், கொஞ்சம் தண்ணீர்ப் பஞ்சமும் சேரும்போது. வயிறு நிறையத் தண்ணீரும் எருவும் கிடைத்தால் அது பூக்கும் வேலையை விட்டுவிட்டுக் கொடி ஓடும் வேலையைப் பார்க்கும். உங்கள் செடி செய்வது அதைத்தான். வாரம் இரண்டு நாள் தண்ணீர், கூடவே யாராவது கொஞ்சம் யூரியாவும் போட்டிருப்பார்கள். இரண்டையும் நிறுத்துங்கள்.

வேர் பிடித்து ஒரு வருடம் தாண்டிய, தரையில் நிற்கும் காகிதப்பூவுக்கு நம் ஊரில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை தண்ணீரே வேண்டாம். மழை போதும். தை பிறந்ததும் காய விடுங்கள். இலை லேசாகத் துவளும்போது ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, மறுபடி காயவிட வேண்டும். கோடையிலும் பத்து நாளுக்கு ஒரு முறை போதும். இரவு நீளும் காலமும் மழை ஓய்ந்து காயும் காலமும் ஒன்றையொன்று தொட்டு வருவதால், தையிலிருந்து வைகாசி வரை அலை அலையாகப் பூக்கும். உங்கள் மாசிப் படைப்புக்கு வாசல் நிறைந்திருக்கும். பொங்கலுக்கே முழு நிறம் வேண்டும் என்றால் அந்த வருட மழையைப் பொறுத்தது. மார்கழியிலும் மழை பிடித்துக்கொண்டால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

உங்கள் செடி பூக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்து வாசலைச் சுத்தம் செய்யும்போது, நீண்டு தொங்கும் கிளைகளையெல்லாம் யாராவது வெட்டிவிடுகிறார்களா? நம் ஊரில் வழக்கமாக நடப்பது இது. காகிதப்பூ புதுக் கிளையில்தான் பூக்கும், அதுவும் பெரும்பாலும் நுனிப் பக்கத்தில். மார்கழிக் கடைசியில் கவாத்து செய்தால் வரவிருந்த பூ எல்லாம் குப்பைக்குப் போய்விடும். கவாத்துக்குச் சரியான நேரம் ஆடிக் கடைசி, ஆவணி. அப்போது மூன்றில் ஒரு பங்கு நீளத்தைத் துணிந்து வெட்டலாம். மழையில் புதுக் கிளை வரும், பனிக்குப் பிறகு அது பூக்கும். ஐப்பசிக்குப் பிறகு கத்திரியைத் தொடவே கூடாது என்று அந்த அம்மாவிடம் மட்டுமல்ல, வெள்ளையடிக்க வருபவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

நடும் இடம் சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்கட்டும். காகிதப்பூ தானாகப் பற்றி ஏறும் கொடி அல்ல. முள்ளை மாட்டிக்கொண்டு சாய்ந்து ஏறும். முகப்பு ஓட்டுக்குக் கீழே கிளை நுழைந்து தடித்துவிட்டால் ஓட்டைத் தூக்கிவிடும். பிறகு மழை ஒழுகி, உள்ளே தேக்கு உத்தரம் நனைந்து, செலவு எங்கேயோ போய் நிற்கும். தூணில் ஏற்றிவிட்டுப் படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். ஓடு போட்ட வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தனியாக ஒரு இரும்புப் பந்தல் போட்டோ, குட்டையாகக் கவாத்து செய்து புதராகவோ வளருங்கள். முள் இருப்பதால், விசேஷத்துக்கு வரும் குழந்தைகள் ஓடியாடும் திண்ணைப் பக்கம் வேண்டாம்.

இரண்டடிக்கு இரண்டடி குழி. செம்புறாங்கல் தட்டுப்பட்டால் அதை உடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கார்த்திகை மழையில் குழி கிண்ணம்போலத் தண்ணீரைப் பிடித்துவைத்து வேரை அழுகவைத்துவிடும். வறட்சியைத் தாங்கும் இந்தச் செடி தாங்காதது தேங்கிய நீரைத்தான். அதனால் குழியை நிரப்பித் தரைமட்டத்துக்கு மேலே ஒரு சாண் மேடாக்கி நடுங்கள். இதன் வேர் எளிதில் முறியும். நர்சரிப் பையைப் பக்கவாட்டில் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும். உதறி நட்டால் போச்சு. மேயும் ஆடுகளுக்கு முள் ஒரு பொருட்டே இல்லை என்பதால் முதல் வருடம் சுற்றிலும் வேலி அவசியம்.

ரகத்தைப் பொறுத்தவரை, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அடுக்குப்பூ ரகங்களைத் தவிர்க்கச் சொல்வேன். மஹாரா போன்ற அடுக்கு ரகங்கள் பூத்த புதிதில் கொத்துக் கொத்தாக மயக்கும். ஆனால் வாடிய பிறகு உதிராமல் கிளையிலேயே பழுப்பேறித் தொங்கும். ஆள் இல்லாத வீட்டில் அதை யார் பறித்துச் சுத்தம் செய்வது? சாதாரண ஒற்றை அடுக்குக் கருஞ்சிவப்பு, இல்லையென்றால் நமக்குப் பழகிய ஊதா போதும். ஒரே செடியில் வெள்ளையும் ரோஸும் பூக்கும் மேரி பால்மர் ஆசையாக இருந்தால் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

முற்றத்தில் காகிதப்பூ ஏன் கூடாது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நாலு பக்கமும் தாழ்வாரம் இறங்கிய முற்றத்தில் அவ்வளவு கிடைக்காது. மேலும் உதிரும் வண்ண இலைகள் காகிதம் மாதிரி லேசானவை. மழை நாளில் அடித்துக்கொண்டு போய் மடை வாயை அடைத்துவிடும். நீங்கள் சென்னையில் இருக்கும்போது முற்றம் குளமாகி நிற்கும்.

இட்லிப்பூவுக்கு நாலு மணி நேர வெயிலும் மீதி நேரம் நிழலும் என்றால் சம்மதம்தான். முற்றத்தில் வடக்குப் பக்கமாக வையுங்கள். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குத் தாழ்வாரத்தின் நிழல் முற்றத்துக்குள் விழும். வடக்குப் பக்கத்துக்குத்தான் வெயில் வரும். முற்றம் கல் பாவியது என்பதால் தொட்டிதான். சிமென்டுத் தொட்டி வேண்டாம், அதிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். பெரிய மண்தொட்டி நல்லது, பிளாஸ்டிக் டிரம்மை வெட்டியது அதைவிடப் பயன். வீட்டில் பழைய கல்தொட்டி கிடந்தால் அதற்குள் இந்தத் தொட்டியை இறக்கி வைக்கலாம். தயவுசெய்து கல்தொட்டியில் ஓட்டை போடாதீர்கள்.

தண்ணீருக்கு விடை உங்கள் முற்றத்திலேயே இருக்கிறது. கூரை மழையை நாலு பக்கமும் உள்ளே வாங்கி அண்டாவில் பிடித்துவைத்த வீடுகள்தானே இவை. மழைநீரில் சுண்ணாம்பு கிடையாது. இட்லிப்பூவுக்கு அதைவிட நல்லது இல்லை. கணக்கும் பொருந்தி வருகிறது. 100 சதுர அடி ஓட்டில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைய இரண்டு மூன்று நல்ல மழை போதும். நாலு பெரிய தொட்டிச் செடிக்கு வாரத்துக்கு 35 லிட்டர் என்று வைத்தாலும், மார்கழியில் நிறைந்த தொட்டி ஆனி வரை வரும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். ஓட்டிலிருக்கும் தூசியும் பறவை எச்சமும் போகட்டும். தொட்டிக்கு மூடியும் கொசுவலையும் கட்டாயம். ஆளில்லாத வீட்டில் திறந்த தண்ணீர் டெங்குக் கொசுவுக்குத்தான் விருந்து.

நீங்கள் வந்து தங்கும் நாட்களில் ஏசி வடிக்கும் தண்ணீரையும் ஊற்றலாம், அதிலும் உப்பு இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் செடிக்கு வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரும் ஆகாது. கொல்லையில் இடம் இருக்கிறதே, தரையில் இட்லிப்பூ வேலி போட்டால் என்ன என்றால், மழைநீரை அங்கே திருப்ப முடிந்தால் போடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி என்றால் வேண்டாம்.

தொட்டிக்குச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு, மக்கிய சாணம் அரைப் பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இட்லிப்பூ வேருக்கு நூற்புழுத் தொல்லை உண்டு, வேப்பம்புண்ணாக்கு அதற்கும் உதவும். மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், வாரம் இரண்டு தண்ணீரில் சமாளிக்கலாம். சித்திரை, வைகாசியில் மட்டும் அந்த அம்மாவை இன்னும் ஒரு நாள் வரச்சொல்லுங்கள், அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.

எல்லோரும் செடிக்குச் சொல்லும் இரண்டு வைத்தியங்கள் இதற்கு ஆகாது. ஒன்று முட்டை ஓடு, இன்னொன்று அடுப்புச் சாம்பல். இரண்டுமே காரம். விசேஷச் சமையல் முடிந்து கோட்டை அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பலைக் கொண்டுபோய்க் காகிதப்பூவுக்குப் போடுங்கள், அளவாக. அதற்குச் சாம்பல்சத்து பிடிக்கும். இட்லிப்பூவுக்குத் தேயிலைத்தூள் பரவாயில்லை, சர்க்கரை சேராமல் அலசியதாக இருந்தால். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி அம்மோனியம் சல்பேட் தொட்டியோரம் தூவித் தண்ணீர் விட்டால், தழைச்சத்தும் கிடைக்கும், மண்ணும் அமிலப் பக்கம் திரும்பும்.

இப்போது மஞ்சளாகி நிற்கும் செடியை உடனே பிடுங்கிவிட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை நேரத்தில் இலைமேல் தெளியுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று முறை. அன்னபேதியை நேராக மண்ணில் போட்டால் காரமண் அதையும் விழுங்கிவிடும். தெளிப்பதுதான் வேகமாகப் பிடிக்கும். புதுத் தளிர் பச்சையாக வந்தால் செடி தப்பித்தது என்று அர்த்தம். ஏற்கெனவே வெளுத்துக் காய்ந்த இலை திரும்பாது. தெளிக்கும்போது ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் படாமல் செடியை நகர்த்திக்கொள்ளுங்கள். அன்னபேதிக் கறை துருக்கறை, சிமென்டுத் தரையில் ஊறிவிட்டால் எளிதில் போகாது.

பூச்சியைப் பொறுத்தவரை, முற்றத்து இட்லிப்பூவில் எறும்பு வரிசையாக ஏறினால் இலைக்கு அடியைப் பாருங்கள். மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும், அதன் பிசுக்கில் கரும்பூஞ்சை படியும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்து தெளித்தால் கட்டுப்படும்.

இட்லிப்பூக் கவாத்து லேசாக இருந்தால் போதும். பூக்கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு கணு விட்டுக் கிள்ளுவதே கவாத்து. வேலி மாதிரிச் சதுரமாக வெட்டினால் நுனியில் வரும் மொட்டெல்லாம் போய், அடுத்த கொத்துக்கு ஒன்றிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ரகத்தில், நர்சரியில் இப்போது அதிகம் கிடைக்கும் குட்டை இட்லிப்பூ தொட்டிக்குக் கச்சிதம், சிவப்பு, மஞ்சள், ரோஸ் என்று நிறமும் உண்டு. ஆனால் கடினநீர் ஊரில் நாட்டுச் சிவப்புதான் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது என்பது நான் பார்த்தது. சஷ்டிக்குச் சரம் கட்டவும் அதுதான் உதவும். காகிதப்பூவை யாரும் சாமிக்குச் சாத்துவதில்லை.

இரண்டையுமே ஆடிப் பட்டத்துக்குப் பிறகு, முதல் மழை மண்ணை நனைத்ததும் வாங்குங்கள். நர்சரியில் காகிதப்பூவைப் பூவோடு பார்த்து நிறத்தை உறுதிசெய்துகொள்ள ஆசைப்பட்டால் மாசியில் போய்ப் பார்த்து, பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, ஆவணியில் எடுத்து நடலாம். இட்லிப்பூ எடுக்கும்போது பூக்கொத்தைப் பார்த்து மயங்காமல் நுனித் தளிரைப் பாருங்கள். தளிர் செம்பழுப்பாகவோ பச்சையாகவோ மினுங்கினால் எடுக்கலாம். நரம்பு தெரிய வெளுத்திருந்தால் அந்த நர்சரியின் தண்ணீரும் உங்கள் வீட்டுத் தண்ணீர் மாதிரிதான், வேறு இடம் பாருங்கள்.